வெளுக்கக் கூடாத சட்டி

அம்மாவின் அலுமினியச் சோற்றுப்பானைக்குள் ஒரு கோட்டைக் கண்ட நாளிலிருந்துதான், புளிக்கறியை எந்தச் சட்டியில் வைப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்தது. 2022 ஆனி மாதம். 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு 4,860 ரூபா விலை. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடையாது. கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் திரும்ப விறகடுப்புக்கு வந்திருந்தது. மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி அன்று காலை அடுப்பிலேயே கீறு விட்டுவிட்டது. வேறு சட்டி தேட அம்மாவுக்கு நேரமில்லை. சோறு எடுத்த பானையைக் கழுவி, அதற்குள்ளேயே பழப்புளியைக் கரைத்து விட்டு விரால் குழம்பை வைத்து இறக்கினார். இரணைமடுக் குளத்து விரால், நல்ல கொழுத்த மீன். எல்லாரும் கையை நக்கி நக்கிச் சாப்பிட்டோம்.

பின்னேரம் கிணற்றடியில் பானையைக் கழுவ எடுத்தபோதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலில் உப்புப் படிகிற தண்ணீர். அந்தத் தண்ணீரில் நாள் தவறாமல் சோறு வெந்து வெந்து பானையின் உட்பக்கம் சிலேற்றுப் பலகை நிறத்துக்கு வந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. அன்றைக்குக் குழம்பு நின்ற மட்டம் வரைக்கும் அது கடையில் வாங்கிய புதுப் பானை போல வெள்ளையாக இருந்தது. அதற்கு மேலே பழைய கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறியது மாதிரி ஒரு கோடு, பானையைச் சுற்றி முழு வட்டமாக. அம்மா எட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "பாத்தியே பிள்ளை, புளி பட்ட உடன சட்டி என்ன வடிவா வெளுத்திருக்கு!"

அந்தக் கறுப்பு எங்கே போனது? கழுவிய தண்ணீரில் போகவில்லை, ஏனென்றால் நான் கழுவத் தொடங்கும்போதே பானை வெள்ளை. தும்பில் ஒட்டவில்லை. குழம்பில்தான் போயிருக்கிறது. குழம்பு எங்கள் வயிற்றில். நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும், அதற்கு ஈரியல்பு என்று பெயர் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். அந்தச் சமன்பாட்டை என் வீட்டுக் குசினியில் ஒரு கோடாகக் காண எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

மண்சட்டியால் இடம்பெயர முடியாது

இந்தப் பானையை நான் குறை சொல்லிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது 2009இல் போர் முடிந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் கிடைத்த பானை. ஒரு பெட்டிக்குள் இரண்டு பானை, ஒரு தாச்சி, கோப்பைகள், ஒரு அகப்பை. முள்ளிவாய்க்காலில் இருந்து நாங்கள் ஒரு கரண்டிகூடக் கொண்டுவரவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்த அம்மா, முதலில் மூடியைத் திறந்து பானையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தது இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அலுமினியம் இருந்தது, ஆனால் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும்தான். புளிக்குழம்பு, மீன் கறி, சொதி எல்லாம் மண்சட்டியில். அம்மம்மா ஒவ்வொரு சட்டியையும் ஒரு வேலைக்கென்று வைத்திருந்தார். மீன் சட்டியில் மரக்கறி ஏறாது. பிறகு ஓட்டம் தொடங்கியது. 1995இல் வலிகாமத்துச் சனம் வன்னிக்கு வந்தது, 1996இல் கிளிநொச்சிச் சனம் காட்டோரம் போனது, 2008இல் எல்லாரும் கிழக்கே நகர்ந்தது. சைக்கிள் கரியரிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறிய சாமான்களில் மண்சட்டி இல்லை. முதல் குழியிலேயே உடைந்துவிடும். அலுமினியப் பானை நெளியும், உடையாது. சோறு ஆக்கலாம், தண்ணீர் அள்ளலாம், மழைக்குப் பதுங்குகுழிக்குள் நிற்கிற வெள்ளத்தை இறைக்கலாம். நாங்கள் புளியை அலுமினியத்தில் காய்ச்சப் பழகியது அந்த வருடங்களில்தான். அந்த நேரம் அது தவிர வேறு வழி இல்லை. ஆனால் வீடு திரும்பி இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் எங்களோடேயே இருக்கிறது. அதுதான் என்னை உறுத்தியது.

பயமும் கணக்கும்

அலுமினியம் என்றாலே ஞாபகமறதி நோய் வரும் என்று ஒரு பயம் சனத்திடம் இருக்கிறது. என் மாணவிகளின் தாய்மாரும் கேட்பார்கள். 1960களிலும் 70களிலும் வந்த சில ஆய்வுகளிலிருந்து கிளம்பிய பயம் அது. சமையல் சட்டியால் அல்சைமர் வருகிறது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. சாப்பிடுகிற அலுமினியத்தில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்துக்குள் போகிறது. அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011இல் ஒரு வரம்பு சொன்னது: உடல் நிறையில் ஒரு கிலோவுக்குக் கிழமைக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ உள்ள ஒருவருக்குக் கிழமைக்கு 120 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2008இல் அதில் பாதியைத்தான் வரம்பாக வைத்தது. ஒரு நாள் விரால் குழம்பு யாரையும் படுக்கையில் போடாது.

ஆனால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்று நான் லேசாக எழுதிய அந்த வரியில்தான் வன்னியில் இருப்பவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். வவுனியாவிலும் அதற்குத் தெற்கே வடமத்திய மாகாணத்திலும், நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, கமம் செய்கிற மனிதருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. காரணம் இதுதான் என்று விஞ்ஞானம் இன்னும் முடிவு சொல்லவில்லை. 2009இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு கூடினால், தரம் குறைந்த அலுமினியப் பாத்திரத்திலிருந்து அலுமினியம் கூடுதலாகக் கரைகிறது. அதுவும் இந்த நோய்க்கு ஒரு காரணியாக இருக்கலாம் என்றார்கள். நிரூபிக்கப்பட்ட முடிவாக இதை நான் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் புளி எந்தச் சட்டியில் கொதிக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்னொன்று ஈயம். பழைய இரும்புக் கடைக்குப் போகிற இயந்திரத் துண்டு, வயர், தகரம் எல்லாவற்றையும் உருக்கி வார்த்த பாத்திரத்தில் ஈயம் இருக்கலாம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 நாடுகளில் வாங்கிய 42 அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கவலைப்படுகிற அளவுக்கு ஈயத்தைக் கசிய விட்டன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை, குழந்தைகளுக்கு முக்கியமாக. சந்தையில் பேரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் கிலோக் கணக்கில் விற்கிற வார்ப்புச் சட்டியைக் கண்டால் நான் இப்போது கையை எடுத்துவிடுகிறேன்.

கறுப்புத் தாச்சி வந்த கதை

மண்சட்டிக்கே திரும்பிப் போவதுதான் முதலில் வந்த எண்ணம். குழம்புக்குச் சரி. ஆனால் காலையில் பாடசாலைக்கு ஓட வேண்டியவள் தாளிதத்துக்கும் பொரியலுக்கும் மண்சட்டி சூடாகும் வரை காத்திருக்க முடியாது. எவர்சில்வர் வாங்கினால் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. அது வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்குக் கிட்டவும் வராது. வார்ப்பிரும்புத் தாச்சியை அம்மாவால் தூக்க முடியாது. அலுமினியத்தின் லேசும் வேண்டும், அதன் சூடு பரவுகிற குணமும் வேண்டும், புளி தின்னவும் கூடாது. அப்படித்தான் ஹார்ட் அனோடைஸ்ட், அதாவது மேற்பரப்பை மின்னால் கெட்டியாக்கிய அலுமினியப் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் ஏமாந்தேன். நகரத்தில் ஒரு கடையில் அந்தப் பெயர் போட்ட பெட்டியைக் காட்டினார்கள். ஒட்டவே ஒட்டாது, எதைக் கொண்டும் உரஞ்சலாம் என்று சொல்லி விற்றார்கள். மூன்று மாதத்தில் உட்பக்கம் தோல் உரிந்தது. வெளிப்பக்கம் மட்டும்தான் அனோடைஸ் செய்தது. உள்ளே பூசியிருந்தது நொன்ஸ்டிக் பூச்சு. இப்படி விற்கிறவை ஏராளம். வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் உருளுவது போல முத்தாகத் திரண்டால் அது நொன்ஸ்டிக் பூச்சு. பரந்து நனைத்தால் வெறும் அனோடைஸ். நொன்ஸ்டிக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 260 பாகை செல்சியசுக்கு மேல் அந்தப் பூச்சு பழுதாகத் தொடங்கும், வெறும் சட்டியாக விறகடுப்பில் வைத்தால் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. எங்கள் அடுப்புகளுக்கு அது தோதான சாமான் இல்லை.

சரியான தாச்சி 2023இல் வந்தது. சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கிய மச்சாள் பெட்டியைத் திறந்து உடுப்புக்கு நடுவில் இருந்து எடுத்தாள். மங்கலான கறுப்பு. மினுக்கமே இல்லை. 3.25 மில்லிமீற்றர் தடிப்பு என்று பெட்டியில் போட்டிருந்தது. தட்டினால் அடைத்த சத்தம். முகாம் பானையின் விளிம்பை விரலால் அமுக்கினால் வளையும், இது அசையாது. தடிப்புத்தான் சட்டியின் பாதிக் குணம். மெல்லிய அலுமினியம் சுவாலை படுகிற இடத்தில் மட்டும் காய்ந்து கறியைப் பிடிக்க வைக்கும். தடித்தது சூட்டை எல்லாப் பக்கமும் பகிர்ந்து கொடுக்கும். அம்மாவுக்குத் தாச்சியைப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. "காசு குடுத்து ஏன் கரிச்சட்டி வாங்கினனியள்?" என்று மச்சாளிடமே கேட்டுவிட்டார்.

அந்தக் கறுப்பு பூச்சு இல்லை, பெயின்ற் இல்லை. அலுமினியத்தின் சொந்தத் தோல். காற்றுப் பட்டவுடனே அலுமினியத்தின் மேல் ஒட்சைட்டுப் படை ஒன்று தானாக உண்டாகும். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர், இந்தப் படையின் தடிப்பு அப்படிச் சில நனோமீற்றர்கள். புளியும் உப்பும் அதை ஒரு கொதியில் துளைத்துவிடும். தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்றால், சட்டியை அனோட்டாக்கி, அதாவது மின்னின் நேர்முனையோடு தொடுத்து, உறைநிலைக்குக் கிட்டக் குளிரவைத்த சல்பூரிக்கமிலத்துக்குள் இறக்கி மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அதே படை 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் ஆயிரம் நனோமீற்றர்) வரைக்கும் வளர்கிறது, தலைமயிரின் தடிப்புக்குக் கிட்ட. இயற்கையான படையைப் போல ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு. பாதி உலோகத்துக்குள்ளே இறங்கியும் பாதி வெளியே எழும்பியும் வளர்வதால் அது பெயின்ற் மாதிரி உரியாது. மாணிக்கக்கல்லும் நீலக்கல்லும் எந்தப் பொருளோ அதே அலுமினியம் ஒட்சைட்டுத்தான் இது. அதனால்தான் கரண்டி கீறாது. அனோடைஸ் செய்யும் முறை 1923இல் பிரித்தானியாவில், கடல் விமானத்தின் பாகங்களை உப்புத் தண்ணீர் தின்னாமல் காக்க வந்தது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் சாப்பாட்டுக்கடைச் சமையற்காரருக்காக அதைச் சட்டிக்குக் கொண்டுவந்தார்கள். கடல் உப்புக்கு எதிராகப் பிறந்த தோல் எங்கள் மீன் குழம்புக்குப் பொருந்தியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒன்றரை வருடம் அந்தத் தாச்சி எங்கள் குசினியில் ராசா மாதிரி இருந்தது. கத்தரிக்காய் பொரித்தோம், இறால் பிரட்டினோம். சொதி நிறம் மாறவில்லை. முகாம் தாச்சியில் கரண்டி போட்டுக் கலக்கினால் தேங்காய்ப்பால் லேசாகச் சாம்பல் பூத்து வரும், இதில் பால் பாலாகவே இருந்தது. தேசிக்காய்ப்புளியை இறக்கிய பிறகு விடுவது எங்கள் வழக்கம்தானே, அதுவும் நல்லதாயிற்று. நொன்ஸ்டிக் மாதிரி ஒட்டாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒட்டும். குளிர்ந்த தாச்சியில் மீனைப் போட்டால் தோல் அதிலேயே நின்றுவிடும். நடுத்தரச் சூட்டில் தாச்சி காய வேண்டும், தண்ணீர்த் துளி துள்ளி ஓட வேண்டும், பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு மீன். போட்ட மீனைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே கழன்று வரும். அடுப்பை முழுதாகத் திறந்து எரிக்கத் தேவையில்லை. பொரியல் முடியக் கொஞ்சம் முதலே காஸை நிறுத்தினாலும் மிச்சத்தைத் தாச்சி பார்த்துக்கொள்ளும்.

சாம்பல்

2024 தீபாவளிக்கு முதல் நாள், பயத்தம் உருண்டைக்குப் பாணி காய்ச்சினோம். யாரோ படலையில் கூப்பிட, அம்மா எழும்பிப் போக, பாணி கருகித் தாச்சியின் அடியில் தார் மாதிரிப் பிடித்துக்கொண்டது. நான் பாடசாலையால் வரவில்லை. அம்மா தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். அடுப்புச் சாம்பலை அரித்தெடுத்துத் தாச்சிக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் கொதிக்க வைத்தார். பிறகு இரவு முழுக்க அப்படியே ஊற விட்டார். விடியப் பொச்சால் உரஞ்சினார். நான் எழும்பி வரும்போது கிணற்றுக்கட்டில் தாச்சி வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். நடு வட்டம், ஒரு கோப்பை அளவுக்கு, பளபளவென்று வெள்ளை. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "இப்பதான் அது சட்டி மாதிரி இருக்கு."

நான் கத்திவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாகப் பெற்ற தாயைக் கத்தினேன். எத்தனை ரூபாச் சாமான், உங்களுக்கு ஒன்றும் விளங்காது என்றெல்லாம் வாயில் வந்தது. அம்மா திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. தாச்சியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பயத்தம் மாவை மூடி வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் போய் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "முகாமில குளிக்கத் தண்ணி இல்லாத நேரமும் சட்டிய நான் கறுக்க விடேல்ல பிள்ளை" என்றார்.

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. முகாமில் தண்ணீர் வண்டி வரும் வரை வரிசையில் நின்று, வாளிக் கணக்கில் கிடைத்த தண்ணீரில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் முடித்து, அதற்குப் பிறகும் மணலாலும் சாம்பலாலும் அந்தப் பானையை வெளுக்க வைத்தவர் அம்மா. கூடாரத்துக்குள் எங்களுடையது என்று சொல்ல இருந்தது அந்தப் பானைதான். அது வெள்ளையாக இருந்தால் நாங்கள் இன்னும் ஒரு வீட்டுக்காரர் என்று அர்த்தம். சட்டி வெளுப்பது துப்பரவு, கறுப்பது சோம்பல் என்று அம்மம்மா காலத்திலிருந்து வந்த கணக்கு, அங்கே அம்மாவுக்கு மானமாகவே ஆகிவிட்டது. அவரிடம் போய்க் கறுப்புத்தான் இந்தச் சட்டியின் உயிர் என்று வாயால் சொன்னால் எப்படி ஏறும்? வெள்ளை எது, கறுப்பு எது என்று நான் அவருக்கு ஒருநாளும் காட்டவில்லை. தாச்சியோடு வந்த கடுதாசியை நான் மட்டும் வாசித்துவிட்டு லாச்சிக்குள் போட்டவள்.

விடுமுறை முடிந்து பாடசாலை போனபோது ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு டோர்ச் மின்கலம், ஒரு சின்னக் குமிழ், இரண்டு வயர் எடுத்து வந்தேன். ஒட்சைட்டு மின்னைக் கடத்தாது, அலுமினியம் கடத்தும். சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற அதே சுற்று. குசினி மேசையில் தாச்சியை வைத்து, அம்மாவைப் பக்கத்தில் இருத்தினேன். இரண்டு வயர் நுனியையும் கறுப்பான விளிம்பில் வைத்தேன். குமிழ் எரியவில்லை. இடம் மாற்றி வைத்தேன், எரியவில்லை. பிறகு நடுவில் வெள்ளை வட்டத்தில் வைத்தேன். குமிழ் பட்டென்று எரிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் குமிழையே பார்த்தார். "அப்ப இந்த இடத்தில தோல் இல்லையோ?" நான் விளங்கப்படுத்தாமலே தோல் என்ற சொல் அவர் வாயில் வந்தது. ஓம் அம்மா, சாம்பல் தண்ணி காரம், அது அந்தத் தோலைக் கரைச்சுப் போட்டுது, கொதிக்க வைச்சதால கெதியாக் கரைஞ்சிருக்கு என்றேன். சாம்பலில் இருந்து தண்ணீரில் கரைவது பெரும்பாலும் பொற்றாசியம் காபனேற்று. தொழிற்சாலையிலும் பிழைத்துப்போன அனோடைஸ் படையைக் கழற்ற எரிசோடாக் கரைசலுக்குள்தான் போடுகிறார்கள். அம்மா வயரைத் தன் கையில் வாங்கினார். தானே கறுப்பில் வைத்தார், வெள்ளையில் வைத்தார், ஓரத்துக்கு ஓரமாக நகர்த்திக்கொண்டு போய் எந்த இடத்தில் குமிழ் எரியத் தொடங்குகிறது என்று பார்த்தார். அந்த இடத்தை அடுப்புக் கரித்துண்டால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு எழும்பிப் போய் முகாம் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதையும் பாப்பம்."

பானை உள்ளே வயரை அழுத்திய இடமெல்லாம் எரிந்தது. கறுப்பில் வயர் நுனியைக் கொஞ்சம் அழுத்திக் கீற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கறுப்பு தண்ணீர் கொடுத்த மெல்லிய படை, தாச்சியின் கறுப்பு போல வளர்த்தெடுத்த தோல் இல்லை. இரண்டு கறுப்பும் ஒன்றில்லை என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் அம்மாவோடு அரை நாள் வாதாட வேண்டியிருந்திருக்கும்.

இப்போது

தாச்சியை எறியவில்லை. நடுவில் தோல் போன சட்டியில் எண்ணெய்ச் சமையலுக்கு ஒரு தடையும் இல்லை. மிளகாய் வறுக்க, மா வறுக்க, அப்பளம் பொரிக்க அதுதான். புளி, தக்காளி, வினாகிரி அதற்குள் போகாது. கழுவுவதற்குச் சவர்க்காரமும் மெத்தைத் துண்டும். பிடித்துப்போனால் வெந்நீர் விட்டு ஊற வைக்கிறோம், பொறுமையாக மரக்கரண்டியால் சுரண்டுகிறோம். அடுப்பால் இறக்கிய சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றுவதை அம்மா விட்டுவிட்டார். ஒட்சைட்டும் அலுமினியமும் ஒரே அளவாக விரிந்து சுருங்குவதில்லை, அந்த அதிர்ச்சியில் தோலில் மயிரிழை வெடிப்பு விழும், அடியும் கோணும். மிச்சக் கறியை இரவுக்கு அதிலேயே மூடி வைப்பதும் இல்லை. உப்பும் புளியும் விடிய விடிய நின்றால் எந்த அலுமினியத்திலும் ஊசித் துளையாகக் குழி விழுத்தும்.

மீன் குழம்புக்கு மூன்று மண்சட்டி வாங்கினோம். அம்மா அவற்றைக் கஞ்சித்தண்ணீர் காய்ச்சிப் பழக்கி எடுத்தார். முகாம் பானையில் சோறு மட்டும். அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

மச்சாள் திரும்ப இந்தியா போகிறாளாம். இந்த முறை ஐந்து லீற்றர்ப் பானை ஒன்று சொல்லியிருக்கிறேன்: உள்ளும் வெளியும் வெறும் அனோடைஸ், மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு, பிளாஸ்ரிக் பிடி வேண்டாம், இரும்புக் காது வேண்டும். காஸ் இல்லாத நாள் திரும்ப வந்தால் விறகடுப்புச் சுவாலையில் பிளாஸ்ரிக் பிடி ஒரு கிழமை தாங்காது. விறகில் வைப்பதானால் சுவாலை அடங்கித் தணல் விழுந்த பிறகு வைக்கலாம் என்று அம்மாவே சொல்கிறார். புகைக் கரி பிடிக்காமல் பானையின் வெளிப்பக்கத்துக்குச் சாம்பலைக் குழைத்துப் பூசுகிற பழக்கத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, குளத்துக் களிமண் பூசலாம் என்று முடிவெடுத்ததும் அவர்தான்.

மின்கலத்தையும் குமிழையும் இன்னும் ஆய்வுகூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. பக்கத்து வீட்டு மாமி நேற்றுத் தன் அப்பச்சட்டியை வேலிக்கு மேலால் நீட்டினார். அம்மா வயரைத் தூக்கிக்கொண்டு போனார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "எரியுதக்கா," என்று அம்மா சொல்வது கேட்டது, "அப்பத்துக்குப் பரவாயில்ல. புளிய மட்டும் இதுக்குள்ள விடாதேங்கோ."